ஆளுமை வகைத் தாளைக் கையில் வாங்கியதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு, ஆளுமைச் சோதனையின் முடிவைச் சொல்லும் இந்தத் தாள் பெரும்பாலும் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பையில். பத்தாம் வகுப்புக்கு என்ன பாடம் எடுப்பது என்று யோசிக்கும் காலத்தில் எழுதிய சோதனையின் முடிவு அது. இன்னொன்று, வேலைக்கு மனுப் போட்ட மகனுக்கோ மகளுக்கோ மின்னஞ்சலில் வருவது. முதல் பக்கத்தில் நான்கு எழுத்து பெரிதாக இருக்கும். அடுத்த பக்கத்தில் விளக்கம். வீட்டில் எல்லாரும் விளக்கத்தைப் படித்துவிட்டு, "நம்ம பிள்ளையை அப்படியே எழுதி வெச்சிருக்காங்களே" என்பார்கள். எண்கள் இருக்கும் கடைசிப் பக்கத்தை அநேகமாக யாரும் திருப்புவதில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடும்பங்களோடு உட்கார்ந்து இந்தத் தாள்களைப் படித்துக் காட்டும் வேலையில் திரும்பத் திரும்பக் கண்ட சிக்கல்களையும் அவற்றுக்குக் கைகொடுத்த வழிகளையும் இங்கே எழுதுகிறோம். ஒரு பேச்சைத் தொடங்கி வைக்க ஆளுமை வகை நன்றாகவே உதவும். அந்தப் பேச்சை முடித்து வைக்கும் பலம் அதற்கு இல்லை. எங்கே உதவி நிற்கிறது, எங்கே தொல்லை தொடங்குகிறது என்பதை எண்களை வைத்தே காட்ட முடியும்.

எம்பிடிஐ என்று எல்லாரும் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை எடுத்துக்கொள்வோம். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலைப் படித்துத் தாய் கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது இது. இருவரும் உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அதனாலேயே சோதனை தவறாகிவிடாது. ஆனால் ஆளை இரண்டு இரண்டாகப் பிரிக்கும் முறை யுங்கின் சிந்தனையிலிருந்து வந்தது, ஆயிரக்கணக்கானவர்களை அளந்து பார்த்துக் கிடைத்ததில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் 'எம்' படிவத்தில் 93 கேள்விகள். அகமுகமா (தனக்குள் ஒதுங்குபவரா) புறமுகமா (பிறரோடு கலகலப்பாக இருப்பவரா) என்று பார்க்க 21. கண்ணால் கண்ட விவரத்தை நம்புவதா, அதற்குள் இருக்கும் பொருளைத் தேடுவதா என்று பார்க்க 26. கணக்குப் பார்த்து முடிவெடுப்பதா, சம்பந்தப்பட்டவர்களின் மனம் பார்த்து முடிவெடுப்பதா என்பதற்கு 24. முன்னதாகவே முடிவு கட்டி ஒழுங்கு செய்வதா, கடைசிவரை இடம் விட்டு வைப்பதா என்பதற்கு 22. உண்மையில் மதிப்பெண் போடும் முறை கொஞ்சம் சிக்கலானது. எளிமைக்காக வெறும் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்வோம். 21 கேள்வியில் 11 அகமுகத்துக்கும் 10 புறமுகத்துக்கும் விழுந்தால் தாளில் அகமுகத்தைக் குறிக்கும் 'ஐ' அச்சாகும். 21க்கு 21ம் அகமுகமாக எழுதியவருக்கும் அதே 'ஐ'தான். முதலாமவருக்கு ஒரே ஒரு கேள்வியில் பதில் மாறியிருந்தால் எழுத்தும் மாறியிருக்கும், கீழே உள்ள இரண்டு பக்க விளக்கமும் மாறியிருக்கும்.

ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் 1 முதல் 30 வரை ஒரு தெளிவு எண் கொடுத்திருப்பார்கள். 1 முதல் 5 வரை லேசான சாய்வு, 6 முதல் 15 வரை நடுத்தரம், 16 முதல் 25 வரை தெளிவு, அதற்கு மேல் மிகத் தெளிவு. இந்த எண் பலத்தைக் காட்டுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 28 எடுத்த புறமுகர் பேச்சில் கெட்டிக்காரர் என்று பொருள் இல்லை. பெரும்பாலான கேள்விகளில் ஒரே பக்கமாகப் பதில் எழுதினார் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நாங்கள் சொல்வது இது: 5 அல்லது அதற்குக் கீழே உள்ள எழுத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு அதன்மேல் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பல தாள்களில் நான்கு எழுத்தில் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டைப் பற்றிப் பேசினால் பேச்சுக்குப் பயன் இருக்கும்.

மறுபடி எழுதினால் வகை மாறிவிடுகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பெருக்கல் போதும். ஒவ்வோர் அளவிலும் அடுத்த முறை அதே எழுத்து வர 85 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் அது நல்ல எண். நான்கும் அப்படியே வர வேண்டுமானால் 0.85ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். கிடைப்பது 0.52. அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் எழுத்தாவது மாறும். 1993இல் உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் இந்தச் சோதனை பற்றி எழுதியதிலும் இதையே பார்க்கலாம்: ஐந்து வார இடைவெளியில் மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போயிருந்தார்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை, குணமும் மாறவில்லை. நடுக்கோட்டை ஒட்டி நிற்பவர் ஓரடி நகர்ந்தாலே வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

நடுக்கோட்டை ஒட்டித்தான் மக்களில் பெரும்பாலோர் நிற்கிறார்கள். உயரத்தை அளந்தால் எப்படியோ அப்படித்தான். மிகக் குட்டையும் மிக நெட்டையும் குறைவு, நடுவில் கூட்டம். உண்மையிலேயே இரண்டு வகை மனிதர் இருந்தால் மதிப்பெண் வரைபடத்தில் ஒட்டகத்துக்கு இருப்பது போல் இரண்டு திமில் தெரிய வேண்டும். தெரிவது ஒரே திமில். அதன் உச்சியில் கோடு போட்டு வெட்டினால், அதிகம் பேர் நிற்கும் இடத்தில்தான் வெட்டு விழுகிறது. 1989இல் உளவியலாளர்கள் மக்ரேயும் கோஸ்டாவும் இந்தச் சோதனையைத் தங்கள் ஐந்து பண்பு அளவுகளோடு (அவை எவை என்று பின்னால் சொல்கிறோம்) வைத்துப் பார்த்தார்கள். தனித்தனி வகைகள் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நான்கு அளவும் ஐந்து பண்பில் நான்கோடு ஒத்துப் போயின. ஐந்தாவது மட்டும் எம்பிடிஐயில் இல்லவே இல்லை. அந்த ஐந்தாவது, மனக்கலக்கம். எளிதில் கவலைப்படுவது, துவண்டுபோவது, சினப்படுவது எல்லாம் அதில் அடங்கும். வீட்டில் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் உண்மையில் பயப்படுவது அதைப் பற்றித்தான். அதைப் பற்றி அந்த நான்கு எழுத்து ஒரு சொல்லும் சொல்லாது.

இணையத்தில் இலவசமாக எழுதும் 16பெர்சனாலிட்டீஸ் சோதனையைப் பலரும் எம்பிடிஐ என்றே நினைக்கிறார்கள். நான்கு எழுத்துக்குப் பின் ஒரு கோடு போட்டு 'ஏ' அல்லது 'டி' என்று ஐந்தாவது எழுத்து இருந்தால் அது வேறு சோதனை. அந்த ஐந்தாவது எழுத்து கவலையைத் தொட்டது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அப்படியானால் விளக்கத்தைப் படித்ததும் "அப்படியே நான்தான்" என்று ஏன் தோன்றுகிறது? உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒருவாரம் கழித்து ஆளுக்கொரு குணவிளக்கம் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே விளக்கம். கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்த வரிகள். 1949இல் இதை வெளியிட்டார். "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே சில சமயம் தயங்குவீர்கள்" என்ற மாதிரி வரி யாருக்குத்தான் பொருந்தாது? சித்த மருத்துவத்தில் வாத உடம்பு, பித்த உடம்பு, கப உடம்பு என்று கேட்டு, பஞ்சாங்கத்தில் 12 ராசியையும் 27 நட்சத்திரத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு வகையில் தன்னைத் தேடுவது இயல்பாகவே வருகிறது. அதைக் குறை சொல்லத் தேவையில்லை. பொருந்துகிறதா என்று சோதிக்க ஒரு வழி வைத்துக்கொண்டால் போதும்.

அந்த வழி இது. உங்கள் வகையின் விளக்கத்தோடு வேறு மூன்று வகைகளின் விளக்கத்தையும் எடுங்கள். ஒன்று நான்கு எழுத்தும் நேரெதிரான வகையாக இருக்கட்டும். வகைப் பெயர், எழுத்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டு நான்கையும் ஒரே அளவில் நகல் எடுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேரிடம், அக்கா ஒருவர், உடன் வேலை செய்பவர் ஒருவர், பள்ளி நாள் நண்பர் ஒருவர் என்று, தனித்தனியாகக் கொடுத்து எது நீங்கள் என்று எடுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே நாலில் ஒன்று சரியாகும். மூன்று பேரும் மூன்று விதமாக எடுத்தால் விளக்கத்தை ஓரமாக வைத்துவிடலாம். மூன்று பேரும் ஒன்றையே எடுத்தால், எந்த வரியைப் பார்த்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்த வரியில் விஷயம் இருக்கிறது.

வகையைவிட ஐந்து பண்பு அளவுகள் மேலானவை என்பது எங்கள் உறுதியான எண்ணம். அவை எழுத்துக்குப் பதிலாக அளவைத் தருகின்றன: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கம். இந்த முறை பிறந்ததே சொற்களிலிருந்துதான். 1936இல் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து ஆளைக் குறிக்கும் சுமார் 18,000 சொற்களைப் பொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கிட்டு ஐந்தாகத் திரட்டினார்கள். கமுக்கம், நெஞ்சழுத்தம், வெள்ளந்தி, முன்கோபம், கறார் என்று நம் மொழியில் இருக்கும் சொற்களை வைத்து அதே வேலையைச் செய்திருந்தால் எந்தத் திரட்சி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

கட்டணம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய 50 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, ஐபிஐபி என்று பெயர். பண்புக்குப் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். புறமுகத்துக்கான பத்தில் ஐந்து நேர்க் கேள்வி, ஐந்து எதிர்க் கேள்வி. "நானே போய்ப் பேச்சைத் தொடங்குவேன்" என்பது நேர். "அதிகம் பேசமாட்டேன்", "பின்னால் நின்றுகொள்வேன்", "என்மேல் கவனம் விழுவது பிடிக்காது", "புதியவர்கள் முன் அமைதியாக இருப்பேன்" என்பவை எதிர். எதிர்க் கேள்விக்கு 6லிருந்து பதிலைக் கழித்துப் போட வேண்டும். 4 எழுதினால் 2 ஆகும். இதை மறந்துவிட்டுக் கூட்டுவதுதான் வீட்டில் செய்பவர்களுக்கு நேரும் முதல் பிழை.

இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரியாதது. கேட்டவர் மனம் கோணாமல் எல்லாவற்றுக்கும் "ஆமாம், ஓரளவு" என்று 4 போட்டுக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்க் கேள்வியில் 20, எதிர்க் கேள்வியில் 10, மொத்தம் 30. அளவு 10 முதல் 50 வரை. 30 என்றால் மிகச் சரியாக நடு. தாள் அவரை "சமநிலையானவர்" என்று சொல்லும். அவர் கேள்வியைப் படிக்கவே இல்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். அதனால் கூட்டுவதற்கு முன் நேரும் எதிருமான ஒரு சோடியை எடுத்துப் பாருங்கள். "பேச்சைத் தொடங்குவேன்" என்பதற்கும் "பேச எனக்கு ஒன்றும் இருக்காது" என்பதற்கும் ஒருவர் 4 போட்டிருந்தால் அந்தத் தாளை எண்ணாக்க வேண்டாம். அவரோடு உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்பதே மேல்.

மூன்றாவதுதான் தமிழ் வீடுகளில் மிகுதியாக நடப்பது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வகுப்பில் கலகலப்பானவள். ஆயா, தாத்தா, பெரியப்பா இருக்கும் இடத்தில் வாய் திறக்கமாட்டாள். அது அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மரியாதை. நேர்க் கேள்வி ஐந்துக்கும் 4 போடுகிறாள், 20. எதிர்க் கேள்விகளைப் படிக்கும்போது தோழிகள் நினைவில் இருந்தால் 2 போடுவாள். அது 4ஆகி, ஐந்துக்கும் சேர்த்து 20. மொத்தம் 40. அதே கேள்விகளைப் படிக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் நினைவில் இருந்தால் 4 போடுவாள்; அது 2ஆகி 10. மொத்தம் 30. அதே பெண், அதே நாற்காலி, பத்து மதிப்பெண் வித்தியாசம். வகைத் தாளில் இந்த வித்தியாசம் ஓர் எழுத்தையே மாற்றிவிடக்கூடும். அமைதியான பெண் என்பது நம்மிடையே பாராட்டு. கேள்வியை எழுதியவர்களுக்கு அது வெறும் அளவுக்குறி. மரியாதையையும் கூச்சத்தையும் அந்தக் கேள்வித்தாளால் பிரித்துப் பார்க்க முடியாது. நாம்தான் பிரிக்க வேண்டும்.

இதற்கு மருந்து எளிது. எழுதத் தொடங்கும் முன் தாளின் தலையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: "பள்ளியில்", "வேலையில்", "வீட்டுப் பெரியவர்கள் முன்". எல்லாப் பதிலும் அந்த இடத்துக்கே. கேள்வியோடு "வேலையில்" என்று சேர்த்துக் கேட்டால் வேலையைப் பற்றிய கணிப்பு கூர்மையாகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நேரம் இருந்தால் இரண்டு இடத்துக்கு இரண்டு முறை எழுதலாம். வித்தியாசம் எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் பேச வேண்டிய விஷயம்.

வந்த எண்ணையும் எல்லையோடு படிக்க வேண்டும். திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 7, நம்பகத்தன்மை (மறுபடி அளந்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பது) 0.85 என்று வைத்தால் அளவைப் பிழை, 7ஐ 0.15இன் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவது, சுமார் 2.7. அதன் இருமடங்கை இருபுறமும் விட வேண்டும். 31 எடுத்தவர் 26க்கும் 36க்கும் இடையில் எங்கோ இருக்கிறார். தம்பிக்கு 33, அண்ணனுக்கு 31 என்று வைத்து வீட்டில் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இந்த நாட்டில் மொழிச் சிக்கலை உளவியலாளர்களே நேராக எதிர்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சோதனைகளின் ஆங்கிலச் சொற்கள் வேறு தாய்மொழிக்காரர்களுக்குப் புரியாமல் போவதை ஆய்வுகள் காட்டியதும், உள்ளூரிலேயே ஓர் அளவுகோல் செய்யும் முயற்சி எழுந்தது. தென்னாப்பிரிக்க ஆளுமைப் பட்டியல் என்னும் அந்தத் திட்டத்தில் அப்போதிருந்த 11 ஆட்சிமொழிகளிலும் 1,216 பேரிடம், தெரிந்த ஒருவரை வருணிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 2012இல் வந்த முடிவில் ஒன்பது திரட்சிகள். அவற்றில் உறவு இணக்கம், இளகிய மனம், நேர்மை, பிறருக்கு வழிகாட்டித் துணை நிற்பது எல்லாம் தனித்தனியாக நின்றன. வெளிநாட்டுப் பட்டியலில் 'இணக்கம்' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடக்கூடியவை, இங்கே மனிதர்கள் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இத்தனையாகப் பிரிந்தன. அந்த 11இல் தமிழ் இல்லை. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில்தான் தமிழ் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒன்பதைப் படித்துக் காட்டினால் ஆயாவுக்குக் கூட உடனே புரிகிறது. "ஆமா, அவ எல்லாரையும் சேத்துப் பிடிக்கிறவ" என்று ஓர் ஆளைச் சுட்டிச் சொல்ல முடிகிறது.

வேலைக்கான சோதனைக்கு வருவோம். இங்கே சட்டம் தெளிவாக நம் பக்கம் நிற்கிறது, தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. 1998ஆம் ஆண்டின் 55ஆம் எண் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 8ஆம் பிரிவு: ஊழியர்மேல் உளவியல் சோதனை நடத்தத் தடை, சில நிபந்தனைகள் நிறைவேறினால் ஒழிய. சோதனை ஏற்புடையது, நம்பகமானது என்று அறிவியல் முறையில் காட்டப்பட்டிருக்க வேண்டும். எல்லாருக்கும் நியாயமாகப் பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். எந்த ஊழியருக்கும் குழுவுக்கும் எதிராகச் சாய்ந்திருக்கக் கூடாது. 9ஆம் பிரிவு இதை மனுப் போட்டவர்களுக்கும் விரிக்கிறது. ஆகவே மனுப் போட்டவர் நான்கு கேள்விகளைப் பணிவாக மின்னஞ்சலில் கேட்கலாம். சோதனையின் முழுப் பெயரும் பதிப்பும் என்ன? நடத்துபவர் சுகாதாரத் தொழில் மன்றத்தில் எந்த வகையில் பதிவு பெற்றவர்? யாருடைய மதிப்பெண்களோடு என்னை ஒப்பிடுகிறீர்கள், அந்த ஒப்பீட்டுக் குழு தென்னாப்பிரிக்காவில் எடுத்ததா? முடிவை எனக்கு யார் விளக்குவார்கள்? ஒழுங்கான நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. எம்பிடிஐயை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் உரிமைக்காரர்களின் நெறிமுறையே சொல்கிறது. சேர்ந்த பிறகு குழுவில் பேசிப் பழக அதைப் பயன்படுத்தினால் மறுக்க வேண்டியதில்லை.

ஐந்து பண்பு அளவுகளும் இந்த விஷயத்தில் எல்லாம் வல்லவை அல்ல. 1991இல் பேரிக்கும் மவுண்டும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது எல்லாத் தொழிலிலும் ஒரே மாதிரி உதவியது பொறுப்புணர்வு மட்டும்தான். வேலைத்திறனோடு அதன் ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பது; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) சுமார் 0.2. அதை வர்க்கமாக்கினால் 0.04. வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் நூற்றில் நான்கு பங்கு. ஆயிரம் பேரைச் சலிக்கும் நிறுவனத்துக்கு அது பயன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது காணாது.

பாடத் தேர்வில்தான் எங்களுக்குக் கவலை மிகுதி. பத்தாம் வகுப்பிலிருந்து ஏழு பாடம். இரண்டு மொழி, கணிதம் அல்லது கணித எழுத்தறிவு (அன்றாடக் கணக்கைக் கற்பிக்கும் எளிய பாடம்), வாழ்வியல் ஆகியவை கட்டாயம், மூன்று விருப்பம். 'பிள்ளை மனம் பார்த்து முடிவெடுக்கும் வகை, கணக்கு ஒத்துவராது' என்று தாளைக் காட்டிக் கணித எழுத்தறிவுக்குப் போட்டுவிட்டால் பொறியியல், மருத்துவம், பட்டயக் கணக்கியல் எல்லாக் கதவும் அன்றே சாத்தப்படுகின்றன. கணிதத்திலிருந்து எழுத்தறிவுக்கு இறங்கலாம். திரும்ப ஏறுவது மிகக் கடினம். அந்த எழுத்து முடிவெடுக்கும் பாங்கைச் சொல்கிறது, கணக்குப் போடும் திறமையை அளக்கவே இல்லை. திறமைக்குக் கடந்த நான்கு பருவத்து மதிப்பெண்ணையும், பிழை எங்கே நேர்கிறது என்பதைக் காட்டும் விடைத்தாள்களையும் பாருங்கள். கணிதத்தில் விழுவதெல்லாம் பின்னம், குறியெழுத்து என்று இரண்டு இடத்தில்தான் என்றால் அது சொல்லிக் கொடுத்துச் சரி செய்யக் கூடியது.

விருப்பம் வேறு, ஆளுமை வேறு. விருப்பத்துக்கு ஜான் ஹாலண்டின் ஆறு வகை உண்டு: கைவேலை, ஆராய்ச்சி, கலை, சேவை, தொழில்முனைவு, ஒழுங்குக் கணக்கு. இது 1959இலிருந்து வளர்ந்த முறை, பாடத் தேர்வுக்கு எம்பிடிஐயைவிடப் பொருத்தமானது. இதிலும் முதலில் வந்த வகையை மட்டும் பார்க்காமல் முதல் மூன்றையும் எடுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே மதிப்பெண் வித்தியாசம் சிறிதானால் இரண்டையும் சமமாகவே வைத்துப் பேசுங்கள். வயதும் கணக்கில் வர வேண்டும். ராபர்ட்ஸும் டெல்வெக்கியோவும் 2000இல் 152 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தால் பண்பு எவ்வளவு ஒத்துவருகிறது என்பதற்குக் குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, 30 வயதில் 0.64, 50க்கு மேல் 0.74. பதினான்கு வயதுப் பிள்ளையின் தாள் இன்னும் காயாத சிமென்ட்.

ஒன்றை மட்டும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். "ரெண்டு மாசமா யாரோடும் பேசுறதில்லை, ரூமை விட்டு வர்றதில்லை. டெஸ்ட்ல இன்ட்ரோவர்ட்னு வந்திருக்கு, அதான்" என்று சொல்லிப் பெற்றோர் சமாதானம் அடையக் கூடாது. அகமுகர் சின்ன வயதிலிருந்தே அப்படி இருப்பார், தனியாக இருப்பதில் அவருக்குச் சந்தோஷம் இருக்கும். புதிதாக ஒடுங்குவது, பிடித்ததில் பிடிப்பு விடுவது, தூக்கமோ பசியோ கெடுவது, மதிப்பெண் சரிவது இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடமோ கிளினிக் செவிலியரிடமோ போக வேண்டும். சாகத் தோன்றுகிறது என்று வாயால் வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றே போக வேண்டும். எந்த வகைத் தாளும் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அதற்காக அது செய்யப்படவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் வகைகளைத் தூக்கி எறியச் சொல்லமாட்டோம். காவடிக்கு முந்திய மாதக் கோயில் கூட்டத்தைப் பாருங்கள். அன்னதானத்துக்கு அரிசியும் பருப்பும் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பார் ஒரு அக்கா. எத்தனை காவடி பதிவாகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்பார் ஒரு அண்ணா. சண்டை "நீங்க அதிகாரம் பண்றீங்க", "நீங்க பொறுப்பில்லாம இருக்கீங்க" என்று போகும். முன்னதாக முடிவு செய்தால் நிம்மதி அடைகிறவர், கடைசிவரை இடம் விட்டால் நிம்மதி அடைகிறவர் என்று இரண்டு பாங்கு இருப்பதாக இருவருக்கும் தெரிந்தால் அந்த இரண்டு வசைச்சொல்லும் வெளியே வராமல் நிற்கும். அங்கே வகை தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குப் பின் செய்ய வேண்டியது எழுதி வைப்பது: அடிப்படை அளவு இந்தத் தேதியில் சொல்லிவிடுவோம், கூடுதல் மூட்டை எத்தனை என்று இந்தத் தேதியில் முடிவு செய்வோம். இரண்டு தேதியும் ஒரே தாளில், இருவர் கையெழுத்தோடு. எழுதாமல் விட்டால் அடுத்த கூட்டத்தில் "நான் அந்த வகை, அப்படித்தான்" என்று அதே சொல் சாக்காக மாறி வரும்.

ஆள்மேல் வகையை ஒட்டிவிட்டால் அவர் வேறு மாதிரி நடக்கும் நாட்கள் கண்ணில் படாமல் போகும். வால்டர் மிஷல் 1968இலேயே சொன்னார்: பண்பு அளவை வைத்து ஒரு குறிப்பிட்ட சூழலில் ஒருவர் நடப்பதைக் கணித்தால் ஒட்டுறவு 0.3ஐத் தாண்டுவது அரிது. அதனால் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு வாக்கியமாக்கி எழுதச் சொல்கிறோம். "அகமுகம்" என்பதை அடித்துவிட்டு, "புதியவர்கள் ஆறு பேருக்கு மேல் இருக்கும் அறையில், முதல் அரைமணி நேரம், பேச வராது, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் வரும்." எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம், எது இருந்தால் மாறும் என்று நான்கும் அதில் இருக்க வேண்டும். பிள்ளையே எழுதட்டும். அம்மா தனியாக இன்னொரு தாளில் அதே பிள்ளையைப் பற்றி எழுதட்டும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்து, தேதி போட்டு, ஒத்துவராத வாக்கியத்தில் விரலை வைத்து, "இது எப்போ நடந்தது, சொல்லு" என்று கேளுங்கள்.